பின்சில்லுக் காரும் பனிக்கால வீதியும்

"அண்ணை, இந்த பிஎம்டபிள்யூவோட வின்ரரைச் சமாளிக்கலாமோ, இல்லாட்டி வித்துப்போட்டு நாலு சில்லும் இழுக்கிற ஒண்டு வாங்கட்டோ?" இலையுதிர்காலம் வந்தால் ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் பிறம்ரனிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: சமாளிக்கலாம். நாலு நல்ல வின்ரர் ரயரும் அவசரப்படாத வலது காலும் இருந்தால், தென் ஒன்ராறியோவின் பனிக்காலத்தில் பெரும்பாலான நாட்கள் பின்சில்லுக் காரில் பயமில்லாமல் ஓடலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் காரைப் பங்குனி முடியும்வரை நிறுத்தி வைப்பதே நல்லது.

எஞ்சினின் வலு பின்னாலுள்ள இரண்டு சில்லுகளுக்கு மட்டும் போகின்ற காரையே இங்கே பின்சில்லுக் கார் என்கிறோம். பிஎம்டபிள்யூ 3 வரிசை, மெர்சிடிஸ் சி வகுப்பு, லெக்சஸ் ஐஎஸ், மஸ்ராங், பிறம்ரனிலேயே 2023 வரை செய்யப்பட்ட டொட்ஜ் சார்ஜர், கிறைஸ்லர் 300 ஆகியவற்றில் பின்சில்லு வகைகள் நிறைய உண்டு. மின்சாரக் கார் வாங்கியவர்கள் பலர் தங்களுடையதும் பின்சில்லுக் கார்தான் என்பதைக் கவனிப்பதில்லை. டெஸ்லா மொடல் 3, ஹியுண்டாய் அயோனிக் 5, வொக்ஸ்வாகன் ஐடி.4 ஆகியவற்றில் ஒற்றை மோட்டார் உள்ளவை பின்சில்லால் ஓடுபவை. சந்தேகம் இருந்தால் காரோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள்.

நம்மில் மூத்தவர்களுக்கு இந்த வகைக் கார் புதிதல்ல. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 காரும் பின்சில்லால்தான் ஓடின. கனடாவிலும் 1980கள் வரை வீதியில் கண்ட கார்களில் பெரும்பாலானவை அதே வகை. பனி நாடான சுவீடன் 1974 முதல் 1993 வரை செய்த வொல்வோ 240 பின்சில்லுக் கார். கனடியப் பொலிசும் ரக்சிக்காரரும் பனிக்காலம் பனிக்காலமாக ஓடிய ஃபோர்ட் கிறவுண் விக்ரோரியாவும் அப்படித்தான். அது ஒன்ராறியோவின் சென் தோமஸ் நகரத் தொழிற்சாலையில் 2011 செப்ரெம்பர் வரை செய்யப்பட்டது. இரவு இரண்டு மணிக்குப் பனி கொட்டும்போது அவசர அழைப்புக்கு ஓடியவர்கள் அந்தக் காரில்தான் ஓடினார்கள். ஆகவே இது முடியாத காரியமல்ல. பழக வேண்டிய காரியம்.

பின்பக்கம் ஏன் வழுக்குகிறது

முன்சில்லுக் காரில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்சில்லுகளின் மேலேயே இருப்பதால் காரின் எடையில் சுமார் 60 சதவீதம் அங்கே இறங்குகிறது. இழுக்கிற சில்லின் மேல் பாரம் இருந்தால் பிடி கிடைக்கும். பின்சில்லுக் காரில் அந்தப் பாரம் பின்னுக்கு இல்லை. பிஎம்டபிள்யூ போன்றவற்றில் முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி; வெறும் பிக்கப் வண்டியில் பின்பக்கம் இன்னும் இலகு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது சில்லு வெறுமனே சுழல்வதற்குக் காரணம் இதுதான்.

கிளம்ப முடியாமல் நிற்பதால் ஆபத்து ஒன்றுமில்லை, நேரம்தான் போகும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ரயர் வீதியைத் தொடுகிற பரப்பு உங்கள் உள்ளங்கை அளவுதான். அந்தப் பரப்பில் கிடைக்கும் பிடியை முன்னே தள்ளவும் பிறேக் பிடிக்கவும் பக்கவாட்டில் காரைத் தாங்கவும் பங்கிட வேண்டும். சுழல்கின்ற சில்லு தன் பங்கு முழுவதையும் சுழற்சிக்கே கொடுத்துவிடுகிறது. பக்கவாட்டில் தாங்க அதனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. முன்சில்லுக் காரில் இது நடந்தால் கார் திரும்ப மறுத்து நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சில்லுக் காரில் இது நடந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் ஓடி, கார் தன்னைத்தானே சுற்றப் பார்க்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கேர்ப் ஓரமாகப் பனியில் நிறுத்திய பின்சில்லுக் காரில் யாராவது அக்சிலேற்றரை அழுத்திக் கிளம்ப முயல்வதைக் கவனியுங்கள். கார் முன்னுக்குப் போகாமல் பின்பக்கம் மெல்ல மெல்லக் கேர்ப் பக்கம் சரிந்து வரும். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வீதி நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் போடப்பட்டிருக்கிறது. சில்லு சுழல ஆரம்பித்ததும் அந்தச் சிறு சரிவே காரைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. காலை எடுத்த கணமே சரிவதும் நின்றுவிடும். பின்சில்லுக் காரின் பனிக்காலப் பாடம் ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

ரயருக்குக் காசு செலவழியுங்கள்

ஓல் சீசன் என்று பெயர் போட்ட ரயரை நம்பி மோசம் போகாதீர்கள். அதன் றப்பர் 7 பாகைக்குக் கீழே குளிர் போனதும் இறுகத் தொடங்குகிறது. இறுகிய றப்பருக்கு ஈரமில்லாத தார்வீதியிலேயே பிடி குறைவு. வின்ரர் ரயரின் றப்பர் கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் கட்டைகளில் வெட்டப்பட்டிருக்கும் மெல்லிய கீறல்கள் பனியையும் ஐஸையும் கவ்விக்கொள்ளும். ஃபின்லாந்துக்காரர் 1934இலேயே லொறிகளுக்கென்று இத்தகைய ரயரைச் செய்துவிட்டார்கள். நொக்கியன் நிறுவனத்தின் ஹக்கபெலீற்றா என்ற பெயர் 1936 முதல் இருக்கிறது. 

வாங்கும்போது ரயரின் பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த குறி இருக்க வேண்டும். எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. ஓல் வெதர் என்று விற்கப்படும் ரயர்களிலும் இந்த மலைக்குறி உண்டு. ரொறன்ரோ நகருக்குள் மட்டும் ஓடும் முன்சில்லுக் காருக்கு அது போதலாம். பின்சில்லுக் காருக்கு முழு வின்ரர் ரயரே போடுங்கள் என்பது என் முடிவான அபிப்பிராயம்.

நாலும் போட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க, "இழுக்கிறது பின்சில்லுதானே, பின்னுக்கு இரண்டு போட்டால் போதும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். காரைத் திருப்புவது முன்சில்லு. பிறேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன்னுக்குச் சாய்வதால் காரை நிறுத்துவதும் பெரும்பாலும் முன்சில்லுதான். பின்னுக்கு மட்டும் வின்ரர் ரயர் போட்ட கார் நன்றாகக் கிளம்பும். சந்தியில் திரும்பாது, நிற்காது. 

வேகத்துக்கென்று செய்த கார்களில் பின்ரயர் முன்ரயரைவிட அகலமாக இருப்பது வழக்கம்: முன்னுக்கு 225, பின்னுக்கு 255 என்று. அகல ரயர் பனியின் மேல் ஏறி மிதக்கும்; ஒடுங்கிய ரயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். காரின் கையேட்டில் அனுமதி இருந்தால் பனிக்காலத்துக்கு நாலும் 225ஆகவே போடுங்கள். றிம்மும் ஓர் அங்குலம் சிறியதாகப் போட்டால் ரயரின் பக்கச்சுவர் உயரும், குழியில் விழுந்து றிம் நெளிவதும் குறையும், விலையும் இறங்கும். தனியாக நாலு இரும்பு றிம்மில் பூட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் எங்கே வைப்பது என்று யோசிப்பார்கள். சிறு வாடகைக்கு ரயரை வைத்திருந்து தரும் கடைகள் பல உண்டு.

ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயமில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைப்பாதைகளில் ஒக்ரோபர் 1இலிருந்தே வேண்டும். அங்கெல்லாம் சட்டம் சொல்வதை இங்கே நீங்களாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்டால்தான் தருவார்கள், தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் ரயர்க்கட்டையின் குறைந்தபட்ச ஆழம் சட்டப்படி 1.5 மி.மீ. பனிக்கு அது எந்த மூலைக்கும் காணாது. 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த ரயரைப் பனியில் பாவிக்க வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. காற்றையும் பாருங்கள். வெப்பநிலை 5, 6 பாகை இறங்கினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ காற்று இறங்கும். 15 பாகை உள்ள நாளில் அடித்த காற்று, மைனஸ் 15 ஆகும்போது 5 பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். 

டிக்கியில் பாரம்

மணல் மூட்டை போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பிக்கப் வண்டிக்குப் போடுங்கள், நல்ல பலன் தெரியும். பழைய பெரிய கார்களிலும் கொஞ்சம் தெரியும். எடை முன்பின் சரிபாதியாக உள்ள இன்றைய கார்களில் பலன் சிறிது. போட்டாலும் 40, 50 கிலோவுக்கு மேல் வேண்டாம். பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து அசையாமல் கட்டுங்கள். கடைசி மூலையில் தள்ளி வைத்த பாரம் முன்பக்கத்தை இலகுவாக்கிவிடும். பின்பக்கம் வழுக்கினால் அதை இன்னும் வெளியே இழுக்கும். மூட்டையில் மணலாகவே இருக்கட்டும். எங்காவது புதைந்தால் பிரித்துச் சில்லுக்குக் கீழே தூவலாம்.

காலும் கையும்

கிளம்புவதற்கு முன் ஸ்ரியறிங்கை நேரே வையுங்கள். திருப்பி வைத்த முன்சில்லு பனியில் தடையாக நின்று, பின்சில்லைச் சுழல வைக்கும். ஸ்நோ என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அது அக்சிலேற்றரின் வேகத்தைக் குறைத்து, பல கார்களில் இரண்டாம் கியரிலிருந்து கிளம்பச் செய்யும். கையால் மாற்றும் கியர் என்றால் நீங்களே இரண்டாவதில் போடுங்கள். தானியங்கி என்றால், மட்டமான இடத்தில் பிறேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாக ஊர ஆரம்பிக்கும். ஊர விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மெதுவாக அழுத்துங்கள். குளிருக்குப் போடும் தடித்த சப்பாத்தோடு ஓட்டினால் இந்த அளவு தெரியாது. காருக்குள் மெல்லிய சப்பாத்து ஒரு சோடி வைத்திருப்பது நல்லது.

ஸ்காபுறோவில் ஏதாவது பெரிய சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 5 பாகை, காலையில் பெய்த பனி. சிக்னல் லைற்றுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான கார்கள் நின்று, சில்லைச் சுழற்றி, பனியை உருக்கி உருக்கி, அந்த இடம் கண்ணாடிபோல் மின்னும். அந்த இருபது மீற்றரில்தான் வழுக்கல் மிக அதிகம். நீங்கள் இடப்பக்கம் திரும்ப நிற்கிறீர்கள். எதிரே வரும் வாகனங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது. சாதாரண நாளில் சட்டென்று அழுத்திப் புகுந்துவிடுவீர்கள். இன்று அப்படி அழுத்தினால் முன்சில்லு திரும்பியிருக்க, பின்சில்லு சுழல, கார் சந்தி நடுவே எதிர்வாகனத்துக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு குறுக்கே நிற்கும். பின்சில்லுக் காருக்கு இதைவிட மோசமான இடம் இல்லை. ஆகவே அந்த இடைவெளியை விடுங்கள். பெரிய இடைவெளி வரும்வரை, அல்லது இடப்பக்க அம்பு பச்சையாகும்வரை நில்லுங்கள். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிக்கட்டும். 

வளைவில் ஒழுங்கு இதுதான்: பிறேக் பிடிப்பதை நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்; வளைவுக்குள் காலை அசைக்காமல் ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்; ஸ்ரியறிங் நேராகி வர வர அக்சிலேற்றரை அழுத்தலாம். திருப்புவதையும் அழுத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யாவிட்டால் பின்சில்லு வழுக்குவது பெரிதும் குறையும்.

காலை எடுப்பதிலும் கவனம் வேண்டும். இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. அக்சிலேற்றரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ கியரைக் குறைத்தாலோ எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும். பின்சில்லுக் காரில் அந்த இழுவை பின்சில்லுகளில் மட்டும் விழும். அது பின்னுக்கு மட்டும் ஹான்ட் பிறேக் போட்டதற்குச் சமம். மின்சாரக் காரில் இது இன்னும் கடுமை. காலை எடுத்ததும் மோட்டார் மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கத் தொடங்கி, காரைப் பலமாக மந்தமாக்கும். ஒற்றை மோட்டார் காரில் அத்தனையும் பின்சில்லின் தலையில். பல கார்களில் இதைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. பனி நாளில் ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். குரூஸ் கொன்றோலைத் தொடவே வேண்டாம்.

நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் மனதில் பதியும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் காய்ந்த தார்வீதியில், பிறேக் பிடித்ததிலிருந்து சுமார் 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அதே கார் ஏறத்தாழ 50 மீற்றர் போகும். ஐஸில் 100 மீற்றர் அளவுக்குப் போகும். நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்கும் இதே கணக்குத்தான். இழுப்பதற்கு நாலு சில்லு இருப்பதால் நிற்பது எளிதாகிவிடாது. வின்ரர் ரயர் போட்ட பின்சில்லுக் கார், ஓல் சீசன் ரயரோடு நிற்கும் பெரிய எஸ்யூவியைவிட முன்னதாக நிற்கும். முன்னால் போகும் வாகனத்துக்குப் பின்னால் காய்ந்த வீதியில் 2 விநாடி விட்டால், பனியில் 6 விநாடியாவது விடுங்கள். ஐஸ் என்றால் 10.

பின்பக்கம் ஓடிவிட்டால்

இடப்பக்கம் திரும்புகிறீர்கள். ஸ்ரியறிங்கில் எதுவும் தெரிவதற்கு முன்னரே இருக்கை உங்களை வலப்பக்கம் தள்ளுவது தெரியும். கண்ணாடிக்கு வெளியே காட்சி வேகமாகச் சுற்ற ஆரம்பிக்கும். பின்பக்கம் வலது பக்கம் ஓடுகிறது. முதலில் பிறேக்கைத் தொடாதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள்; கையால் மாற்றும் கியர் என்றால் கிளச்சை மிதித்துவிடுங்கள், தானியங்கி என்றால் நியூட்ரலுக்குத் தட்டலாம். கார் எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள்; கம்பத்தையோ எதிர்க்காரையோ பார்த்தால் கை அங்கேதான் போகும். பார்வை போகும் பக்கமே ஸ்ரியறிங்கைத் திருப்புங்கள், அதாவது பின்பக்கம் ஓடும் அதே வலப்பக்கம்.

பெரும்பாலானோர் இதுவரை சரியாகச் செய்வார்கள். தவறுவது அடுத்த கணத்தில். பின்பக்கம் பிடி கிடைத்துத் திரும்பி வரத் தொடங்கும். அப்போது ஸ்ரியறிங் இன்னும் வலப்பக்கமே திரும்பியிருந்தால் கார் மறுபக்கம் முதலாவதைவிட வேகமாக வீசும். பின்பக்கம் திரும்பி வர ஆரம்பித்ததுமே ஸ்ரியறிங்கையும் நேராக்கிவிட வேண்டும். காரை முந்திக்கொண்டு கை வர வேண்டும். இதை வாசித்துப் பழக முடியாது. செய்துதான் பழக வேண்டும். ஆனால் கடை வாகனத் தரிப்பிடத்தில் இரவில் சுழற்றிப் பழகுவோம் என்று போகாதீர்கள். பனிக்குக் கீழே கேர்ப் மறைந்திருக்கும். வேண்டுமென்றே சறுக்க வைத்தால் ஒன்ராறியோவின் ஸ்ரண்ட் டிரைவிங் சட்டம் அங்கேயும் பாயும். பனிக்காலத்தில் மூடிய திடலில் சறுக்கலை மீட்கச் சொல்லித் தரும் ஓட்டுநர் பள்ளிகள் இருக்கின்றன. புதிதாகப் பின்சில்லுக் கார் வாங்கிய இளம் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே அனுப்புங்கள். அந்தக் கட்டணம் ஒரு பம்பர் திருத்தும் செலவைவிடக் குறைவு.

கனடாவில் 2011 செப்ரெம்பருக்குப் பிறகு செய்யப்பட்ட பயணிகள் கார்களில், காரின் நிலைத்தன்மையைத் தானாகக் காக்கும் கருவி கட்டாயம். அது நீங்கள் திருப்பிய பக்கம் கார் போகிறதா என்று பார்த்து, தேவைப்படும் சில்லில் மட்டும் பிறேக் பிடிக்கும், எஞ்சினின் வலுவைக் குறைக்கும். வழுக்கும் காரின் படம் போட்ட சிறு மஞ்சள் விளக்கு மின்னினால் அது வேலை செய்கிறது என்று பொருள். வீதி நீங்கள் நினைத்ததைவிட மோசம் என்றும் பொருள். ஓடும்போது அதை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஏபிஎஸ் பிறேக் காலுக்குக் கீழே கடகடவென்று துடித்தால் பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியபடியே இருங்கள்.

புதைந்துவிட்டால்

பனி தள்ளும் வண்டி வீதியைத் துப்புரவாக்கிவிட்டு உங்கள் டிரைவ்வே வாசலில் ஒரு வரம்பைக் குவித்துவிட்டுப் போகும். தரைக்குத் தாழ்வான கார் அதில் ஏறினால் வயிறு தட்டிச் சில்லு அந்தரத்தில் நிற்கும். வேகமெடுத்து மோதி ஏறலாம் என்று பார்க்காமல் இறங்கி வாருங்கள். புதைந்த காரில் முதலில் துப்புரவாக்க வேண்டியது புகைபோக்கியின் வாய். அது பனியால் அடைபட்டிருக்க எஞ்சின் ஓடினால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும், ஆளைக் கொல்லும். பிறகு பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் பனியை அள்ளி, மணலோ பூனைக்கு வைக்கும் களிமண் துகளோ தூவுங்கள்.

நிலைத்தன்மைக் கருவியை அணைக்க வேண்டிய ஒரே தருணம் இது. இல்லாவிட்டால் அது எஞ்சினை மூச்சுவிட விடாது. முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம் என்று காரை ஆட்டி ஆட்டி எடுங்கள். சில்லு முழுதாக நின்ற பிறகே கியரை மாற்றுங்கள். வேகமானி 40ஐத் தாண்டிக் காட்டினால் நிறுத்துங்கள். ஒரு சில்லு மட்டும் சுழலும்போது அது வேகமானி காட்டுவதைவிட இன்னும் வேகமாகச் சுழல்கிறது. ரயர் வெடித்தவர்கள் உண்டு. காருக்குப் பின்னால் ஒருவரையும் நிற்க விடாதீர்கள்.

போகக் கூடாத நாட்கள்

ரொறன்ரோவிலிருந்து பரிக்குப் போகும் 400ஆம் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் வெயில் எறிக்க, பத்து நிமிடத்தில் முன்னால் போகும் காரே தெரியாதபடி பனி அடிக்கும். இன்னும் உறையாத ஜோர்ஜியன் வளைகுடாவின் தண்ணீரைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டுவதால் வருவது அது. கனடிய சுற்றுச்சூழல் அமைச்சு ஸ்நோ ஸ்குவோல் எச்சரிக்கை விட்டால், எந்தச் சில்லால் ஓடும் காரானாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். புறப்படுமுன் ஒன்ராறியோ 511 தளத்தில் வீதி நிலையைப் பாருங்கள்.

பின்சில்லுக் காருக்கென்றே சொல்ல வேண்டியது உறைமழை. பனியில் வின்ரர் ரயர் பிடிக்கும். மழை விழுந்தவுடன் உறைந்து மூடிய வீதியில் அதுவும் கைவிடும். ஐஸ் மிக மோசமாக வழுக்குவது மைனஸ் 20இல் அல்ல, பூச்சியத்தை ஒட்டி, அதன் மேல் மெல்லிய ஈரம் இருக்கும்போது. மழைக்குப் பிறகு இரவில் குளிர் இறங்கினால் பாலங்கள் முதலில் உறையும், மேலும் கீழும் காற்று வீசுவதால். வீதி ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகும் காரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஐஸ். பாலத்தின் மேல் காலையும் கையையும் அசைக்காமல் கடந்து போங்கள். வீதிக்குப் போடும் உப்பும் மைனஸ் 10 அளவுக்குக் கீழே மெதுவாகத்தான் வேலை செய்யும். உப்புப் போட்டுவிட்டார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

உறைமழை நாளில் வேலைக்கு வர முடியாது என்று சொல்லுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். மற்ற நாட்களுக்கு, ரயர் கடையில் ஒக்ரோபர் முதல் கிழமையே நாள் எடுத்துவிடுங்கள். முதல் பனி கொட்டிய மறுநாள் கூப்பிட்டால் இரண்டு கிழமை கழித்துத்தான் நேரம் கிடைக்கும்; அந்த இரண்டு கிழமையும் பின்சில்லுக் காரை வெளியே எடுக்காதீர்கள்.